மாசத்துல நாலு சீசன்? சைக்கிள் சிங்க்கிங்கில் எது சயின்ஸ், எது ரீல்ஸ்

"பீரியட்ஸ் வாரத்துல யோகா மட்டும். அடுத்த வாரம் ஜிம். மூணாவது வாரம் பிரசன்டேஷன், இன்டர்வியூ எல்லாம் வெச்சுக்கோங்க. நாலாவது வாரம் யாரையும் மீட் பண்ணாதீங்க." இப்படி ஒரு ரீல்ஸ் உங்க ஃபீடுலயும் வந்திருக்கும். இதுக்குப் பேரு சைக்கிள் சிங்க்கிங். மாதவிடாய் சுழற்சியோட கட்டங்களுக்கு ஏத்த மாதிரி சாப்பாடு, உடற்பயிற்சி, வேலை, தூக்கம் எல்லாத்தையும் மாத்தி அமைச்சு வாழ்றது. அமெரிக்காவைச் சேர்ந்த அலிசா விட்டி என்பவர் 2013-ல் எழுதிய 'வுமன்கோட்' புத்தகம் வழியா பிரபலமான ஐடியா இது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம நிலைமையைக் கொஞ்சம் யோசிங்க. செமஸ்டர் டைம்டேபிள் உங்க கருமுட்டையைக் கேட்டுப் போடப்படுறதில்லை. காலையில 6 மணிக்கு காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க நிக்கிற பொண்ணுக்கு "இன்னைக்கு ரெஸ்ட் எடு, கேண்டில் ஏத்தி ஜர்னல் எழுது"ன்னு சொன்னா சிரிப்புதான் வரும். அப்போ இது மொத்தமும் டுபாக்கூரா? அதுவும் இல்ல. இதுக்குள்ள உண்மையான பயாலஜி கொஞ்சம் இருக்கு, அதுக்கு மேல நிறைய மார்க்கெட்டிங் ஒட்டியிருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறதுதான் இந்தக் கட்டுரை.

பொண்ணுங்க மேட்டர்னு ஸ்க்ரோல் பண்ணப் போற பசங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரு கன்ட்ரோல் சிஸ்டமா பாத்தா, நம்ம சிலபஸ்ல இருக்கற எதையும் விட இது சுவாரஸ்யமானது.

உள்ளே ஓடுற சர்க்யூட்

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பகுதி. அதுக்குக் கீழே பட்டாணி சைஸ்ல பிட்யூட்டரி சுரப்பி. அங்கிருந்து வெகு தூரத்துல ரெண்டு சூலகங்கள், நடுவுல கருப்பை. இந்த நாலும் ரத்தம் வழியா ஒண்ணுக்கொண்ணு சிக்னல் அனுப்பிக்குது.

ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு, பல்ஸ் மாதிரி அனுப்பும். சுழற்சியின் முதல் பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிஷத்துக்கு ஒரு பல்ஸ். பிற்பாதியில் வேகம் குறைஞ்சு சில மணி நேரத்துக்கு ஒண்ணு. பல்ஸ் வேகமா வந்தா பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனை அதிகமா விடும். மெதுவா வந்தா எஃப்.எஸ்.எச். பக்கம் சாயும். அதாவது ஒரே சிக்னல், அலைவரிசையை மாத்தி ரெண்டு வேற செய்தி. எர்ன்ஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானியின் குழு 1978-ல் ரீசஸ் குரங்குகளில் இதைக் காட்டியது. மணிக்கு ஒரு தடவை பல்ஸா கொடுத்தப்போ எல்லாம் ஒழுங்கா ஓடிச்சு. அதே ஹார்மோனை நிறுத்தாம தொடர்ந்து ஏத்தினப்போ பிட்யூட்டரி வேலையை நிறுத்திடுச்சு. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கறவங்க கவனிக்க: அலைவரிசைப் பண்பேற்றம் உங்க உடம்புக்குள்ளேயே, உங்க அம்மா உடம்புக்குள்ளேயே ஓடிட்டிருந்த விஷயம்.

இப்போ நாலு கட்டங்களுக்கு வருவோம்.

முதல் கட்டம், ரத்தப்போக்கு. முதல் நாள் ரத்தம் வர்ற நாளைத்தான் நாள் 1-ன்னு எண்ணுவாங்க. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்ட்ரோன் ரெண்டுமே அப்போ ரொம்பக் குறைவு. போன மாசம் கட்டி வெச்ச கருப்பையின் உள்சுவர் உதிர்ந்து வெளியே வருது.

ரெண்டாவது கட்டம், முட்டை வளர்ச்சி. எஃப்.எஸ்.எச். தூண்டுதலால் சூலகத்தில் பல நுண்பைகள் வளர ஆரம்பிக்கும். கடைசியில பெரும்பாலும் ஒண்ணு மட்டும் ஜெயிக்கும். அது ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, கருப்பையின் சுவர் மறுபடி தடிக்கும்.

இதுவரைக்கும் சாதாரண நெகட்டிவ் ஃபீட்பேக். ஈஸ்ட்ரோஜன் ஏறினா மூளை பிட்யூட்டரியை அடக்கும், நம்ம ரூம் ஏசியின் தெர்மோஸ்டாட் மாதிரி. ஆனா ஈஸ்ட்ரோஜன் ஒரு அளவைத் தாண்டி, அதே உயரத்துல சுமார் ரெண்டு நாள் நின்னுட்டா, ஃபீட்பேக்கின் குறியே மாறிடும். நெகட்டிவ் பாசிட்டிவ் ஆகும். எல்.எச். ஒரேயடியா எகிறும். ஒன்றரை நாளுக்குள்ள கருமுட்டை வெளியே வரும். இதுதான் மூணாவது கட்டம். அளவைத் தாண்டினா மட்டும் போதாது, அவ்வளவு நேரம் நிக்கவும் வேணும்ங்கறதைக் கவனிங்க. சின்னச் சின்ன நாய்ஸுக்கு ஏமாறாத டிசைன்.

நாலாவது கட்டத்துல, முட்டை வெளியேறிய காலிப் பை மஞ்சள் நிற உடலமா மாறி புரொஜெஸ்ட்ரோனைச் சுரக்கும். கரு தங்கலைன்னா ரெண்டு வாரத்துக்குள்ள அது சுருங்கிடும். புரொஜெஸ்ட்ரோன் சரியும், சுவர் உதிரும், மறுபடி நாள் 1.

28 என்ற எண்

ரீல்ஸ்ல எல்லாரும் ஏழு ஏழு நாளா நாலு கலர் வட்டம் போட்டு வெச்சிருப்பாங்க. இங்கதான் முதல் பிரச்சனை. 2019-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஒரு ஆப்பில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை அலசிப் பாத்தது. சராசரி நீளம் 29.3 நாள். சரியா 28 நாளில் முடிஞ்ச சுழற்சிகள் 13 சதவீதம்தான். முட்டை வளர்ச்சிப் பாதி சராசரியா 16.9 நாள், பிற்பாதி 12.4 நாள். "14-ம் நாள் கருமுட்டை"ன்னு ஸ்கூல் பயாலஜி புக்ல படிச்சது ஒரு வரைபடத்துக்கான வசதி, அவ்வளவுதான். பெரியவங்களுக்கு 21 முதல் 35 நாள் வரைக்கும் இருக்கறது இயல்பு. வயசுக்கு வந்த முதல் சில வருஷங்கள்ல 45 நாள் வரைக்கும் போகலாம்.

இதுல தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. நீளம் பெரும்பாலும் மாறுறது முதல் பாதியில்தான். பிற்பாதி அந்த அளவுக்கு ஆடாது. செமஸ்டர் எக்ஸாம் டென்ஷன், தூக்கம் கெடுறது, திடீர்னு சாப்பாட்டைக் குறைக்கறது, காய்ச்சல் இதெல்லாம் ஹைப்போதலாமஸின் பல்ஸைத் தொந்தரவு செய்யும். முட்டை வெளியே வர்றது தள்ளிப்போகும், அதனால பீரியட்ஸும் தள்ளிப்போகும். "எக்ஸாம் முடிஞ்சவுடனே வந்துடுச்சுடி"ன்னு ஹாஸ்டல்ல கேக்கற வசனத்துக்குப் பின்னாடி இருக்கற மெக்கானிசம் இதுதான்.

அப்போ, அடுத்த மாசம் 14-ம் தேதி "பவர் டே"ன்னு முன்கூட்டியே கேலண்டர்ல மார்க் பண்றது எப்படி வேலை செய்யும்? முட்டை எப்போ வந்ததுன்னு தெரியாம நாலு கட்டத்தையும் பிரிக்கவே முடியாது. பி.சி.ஓ.எஸ். இருக்கறவங்களுக்கு இன்னும் கஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு அது இருக்கு. ஒரு கிளாஸ்ல 30 பொண்ணுங்கன்னா மூணு பேருக்கு இருக்கலாம். அவங்ககிட்ட போய் "உன் ஃபேஸ் என்ன?"ன்னு கேக்கற ஆப், தப்பான பதிலைத்தான் சொல்லும்.

உடற்பயிற்சி, சாப்பாடு, தூக்கம், மூளை

ஒண்ணொண்ணா பாப்போம்.

உடற்பயிற்சி: 2019 உலகக்கோப்பை ஜெயிச்ச அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி வீராங்கனைகளின் சுழற்சியைக் கவனிச்சுத்தான் தயாரானாங்க. 2020-ல் செல்சி பெண்கள் அணியும் ஆப் வெச்சு பயிற்சியை மாத்தினாங்க. ஆனா அதே 2020-ல் 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு பெரிய தொகுப்பாய்வு என்ன சொல்லுச்சு தெரியுமா? ரத்தப்போக்கு நாட்களில் உடல்திறன் குறையலாம், ஆனா சராசரி வித்தியாசம் அற்பமானது. எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி போட முடியாது, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாருங்கன்னு முடிச்சுட்டாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல மீராபாய் சானு தன் மூணாவது நாளில் 199 கிலோ தூக்கி நாலாவது இடம் பிடிச்சாங்க. அந்த நாள் கஷ்டமா இருந்ததுன்னு அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. கஷ்டமா இருந்ததும் உண்மை, 199 கிலோ தூக்கினதும் உண்மை. சராசரியும் தனி மனுஷியோட ஒரு நாளும் வேற வேற.

சாப்பாடு: முதல் பாதியில ஆளி விதை, பூசணி விதை, பிற்பாதியில எள்ளு, சூரியகாந்தி விதைன்னு ஒரு பேக்கெட் போட்டு விக்கறாங்க. இது ஹார்மோனைச் சமன் செய்யும்னு நம்பற அளவுக்கு நல்ல ஆதாரம் இல்ல. அதுக்காக எள்ளு கெட்டதா? இல்லவே இல்ல. பாட்டி செஞ்சு கொடுக்கற எள்ளுருண்டை, உளுந்தங்களி, வெந்தயக்களி எல்லாம் நல்ல சாப்பாடு. புரதமும் கொழுப்பும் தாதுக்களும் இருக்கு. ஆனா அது 'அந்த வாரத்து' சாப்பாடு இல்ல, எல்லா வாரத்து சாப்பாடு. பிற்பாதியில பசி கொஞ்சம் கூடறது நிஜம்தான், உடம்பு அப்போ கொஞ்சம் கூடுதலா எரிக்குது. ரெண்டு இட்லி சேத்து சாப்பிட்டா குத்தவுணர்ச்சி வேண்டாம்.

தூக்கம்: முட்டை வெளியேறின பிறகு புரொஜெஸ்ட்ரோன் காரணமா உடம்பின் அடிப்படை வெப்பநிலை சுமார் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், பீரியட்ஸ் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும். தூங்கறதுக்கு உடம்பு கொஞ்சம் குளிரணும். இப்போ இதைத் திருப்போரூர் மே மாசத்துல வெச்சுப் பாருங்க. கோவளம் பக்கமிருந்து வர்ற காத்து நின்னுபோன ராத்திரி, ஹாஸ்டல் ஃபேன் சூட்டையே சுத்தி விடுது, கூட அந்த அரை டிகிரி. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் தூக்கம் வராம புரள்றது உங்க மனசோட பிரச்சனை மட்டும் இல்ல. படுக்கறதுக்கு முன்னாடி குளிக்கறது, ஜன்னல் பக்கத்து பெட், சாயந்திரத்துக்கு மேல காபி வேண்டாம். இது காசு செலவில்லாத நிஜமான சைக்கிள் சிங்க்கிங்.

மூளை: "அந்த நேரத்துல பொண்ணுங்களுக்கு மூளை வேலை செய்யாது"ன்னு வைவா அன்னைக்கு ஜோக் அடிக்கறவங்களுக்கு: 2025-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 102 ஆய்வுகள்ல இருந்து கிட்டத்தட்ட 4,000 பேரோட தரவைச் சேத்துப் பாத்தது. கவனம், நினைவாற்றல், கணக்கு போடும் திறன் எதுலயும் சுழற்சியின் கட்டத்தைப் பொறுத்து உறுதியான மாற்றம் இல்ல. "மூணாவது வாரம்தான் இன்டர்வியூ போகணும்"னு சொல்ற ரீல்ஸுக்கும் இதே பதில்தான். ப்ளேஸ்மென்ட் டிரைவ் எந்த நாள் வந்தாலும் உங்க மூளை ரெடி. வலி இருந்தா கவனம் சிதறும், அது வேற. அதைத்தான் அடுத்து பேசணும்.

வலி ஒரு ஃபேஸ் இல்ல

சைக்கிள் சிங்க்கிங்கில் எனக்குப் பெரிய உறுத்தல் இதுதான். "இது உங்க குளிர்காலம், உடம்பு சொல்றதைக் கேளுங்க, சுருண்டு படுங்க." அழகான வார்த்தை. ஆனா மாசாமாசம் வாந்தி எடுத்து, மயங்கி விழுந்து, ரெண்டு நாள் கிளாஸுக்கு வர முடியாத ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னா, டாக்டர்கிட்ட போக வேண்டிய விஷயத்தை மூடி வைக்கறோம்னு அர்த்தம். "எல்லா பொண்ணுக்கும் வர்றதுதானே, கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொல்ற வீட்டுப் பேச்சும், இந்த ரீல்ஸும் கடைசியில போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்.

வலி ஏன் வருது? புரொஜெஸ்ட்ரோன் சரியும்போது கருப்பையின் சுவர் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை விடுது. அது கருப்பைத் தசையை இறுக்கி, ரத்த ஓட்டத்தைக் குறைச்சு, வலியைக் கிளப்பும். அளவு அதிகமானா குடலையும் விடாது. வயித்துப்போக்கும் குமட்டலும் அதனாலதான். இபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் மாதிரி மாத்திரைகள் இந்தப் புராஸ்டாகிளாண்டின் உருவாகறதையே தடுக்குது. அதனாலதான் வலி உச்சத்துக்குப் போனப்புறம் போடுறதை விட, ஆரம்பத்திலேயே போட்டா நல்லா கேக்குது. வெறும் வயித்துல போடக் கூடாது. அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடக் கூடாது.

ஹாஸ்டல்ல கேண்டி மாதிரி கை மாறுற மெஃப்தால் விஷயத்துலயும் இது பொருந்தும். அதுல இருக்கற மெஃபனமிக் ஆசிட் அபூர்வமா கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம்னு இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை விட்டது. பயப்பட வேண்டாம். ஆனா மாத்திரை போட்ட பிறகு, சில வாரம் கழிச்சுக்கூட, தோலில் தடிப்பு, காய்ச்சல், முகவீக்கம் வந்தா உடனே டாக்டரைப் பாருங்க.

மாத்திரை தவிர, சுடுநீர்ப் பை உதவும். வாரத்துல மூணு நாள், ஒவ்வொரு தடவையும் 45 முதல் 60 நிமிஷம் உடற்பயிற்சி செய்றவங்களுக்கு வலி குறையலாம்னு 2019-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. எந்த உடற்பயிற்சின்னு கணக்கில்ல. சாயந்திரம் கேம்பஸைச் சுத்தி வேகமா நடக்கறதையும் சேத்துக்கலாம்.

கீழே இருக்கறதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டரைப் பாருங்க:

- மாத்திரை போட்டும் அடங்காத வலி, அல்லது மாசாமாசம் கிளாஸை இழக்க வைக்கற வலி
- ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசா நனையறது, பெரிய கட்டிகளா வர்றது
- 7 நாளுக்கு மேல ரத்தப்போக்கு
- கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லைன்னாலும் தொடர்ந்து 3 மாசம் வராம இருக்கறது (வாய்ப்பு இருந்தா ஒரு வாரம் தள்ளினாலே டெஸ்ட்)
- பீரியட்ஸுக்கு முந்தின வாரம் ஒவ்வொரு மாசமும் தாங்க முடியாத மனச்சோர்வு, சாகணும்னு தோணுறது (இதுக்கு உடனே, அன்னைக்கே)

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் உலகத்துல சுமார் 10 சதவீதம் பெண்களுக்கு இருக்கு. வலியை 'இயல்பு'ன்னு தள்ளிவிடறதால அது வருஷக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகுது. நம்ம பக்கத்துலயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவு ஓ.பி.க்கு கல்யாணம் ஆனவங்க மட்டும்தான் போகணும்னு எந்த ரூலும் இல்ல.

சத்தமே இல்லாத ஒண்ணு: இரும்பு

"ஃபேஸ்" பாக்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். உங்க பெஞ்ச்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தருக்கு இருக்கலாம்ங்கறதுதான் இதுக்கு அர்த்தம். மாசத்துல எல்லா வாரமும் டயர்டா, மூணாவது மாடி லேப் ஏறும்போது மூச்சு வாங்கினா, அதுக்குக் காரணம் 'லூட்டியல் ஃபேஸ்' இல்ல, இரும்பா இருக்கலாம். கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தா ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்த டெஸ்ட் இலவசம்.

முருங்கைக்கீரை, சுண்டல், கேழ்வரகு, ஆட்டு ஈரல், மீன் எல்லாம் நம்ம ஊர்லயே கிடைக்குது. கூட எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யான்னு ஏதாவது ஒண்ணு சேத்துக்கிட்டா கீரையில் இருக்கற இரும்பை உடம்பு நல்லா எடுத்துக்கும். டீயும் காபியும் சாப்பாட்டோட சேர்ந்தா நேர் எதிர். டிபன் முடிஞ்ச கையோட கேன்டீன் டீயை, ஒரு மணி நேரம் தள்ளி வெச்சாலே லாபம்.

நம்ம ஊர்ல ஏற்கெனவே ஒரு 'சிங்க்கிங்' இருந்துச்சு

சுழற்சிக்கு ஏத்த மாதிரி வாழ்றதுங்கறது கலிஃபோர்னியா கண்டுபிடிப்பு மாதிரி பேசறாங்க. நம்ம வீடுகள்ல அது ரொம்ப காலமா இருக்கு. "வீட்டுக்குத் தூரம்", "மாதவிலக்கு". வார்த்தையிலேயே விலக்கு இருக்கு. தனித் தட்டு, தனிப் பாய், ஊறுகாய் தொடாதே, பூஜை ரூம் பக்கம் போகாதே. "அந்தக் காலத்துல பொண்ணுங்களுக்கு ரெஸ்ட் கொடுக்கத்தான் இப்படி வெச்சாங்க"ன்னு ஒரு விளக்கம் சொல்வாங்க. ரெஸ்ட்டுன்னா, அதை வேணாம்னு சொல்ற உரிமையும் கூடவே வரணும். அது இல்லாதப்போ அதுக்குப் பேரு ரெஸ்ட் இல்ல.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ, பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காடு கிராமத்துல பூப்படைந்த ஒரு சிறுமியைத் தனிக் குடிசையில் தங்க வெச்சிருந்தாங்க. தென்னை மரம் அந்தக் குடிசை மேல சாய்ஞ்சு அவள் இறந்துபோனாள். வீட்டுக்குள்ள இருந்திருந்தா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது புயல் இல்ல.

இதுக்கு நேர் எதிரான ஒரு உதாரணமும் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கு. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடம். செவ்வாடை கட்டிய கூட்டத்தோட பஸ்கள் போறதை ஜிஎஸ்டி ரோட்டுல பாக்காதவங்க இருக்க மாட்டீங்க. அங்க பெண்கள் கருவறைக்குள்ளேயே போய் வழிபடலாம், மாதவிடாய் நாட்களும் தடை இல்ல. 2023 அக்டோபரில் மறைந்த பங்காரு அடிகளார் கொண்டுவந்த வழக்கம் இது. உங்களுக்கு அந்த வழிபாட்டுல நம்பிக்கை இருக்கலாம், இல்லாம இருக்கலாம். ஆனா பல ஊர்கள்ல வீட்டு பூஜை ரூமுக்கே போகாத பெண்கள், அங்க போய் கருவறை வாசலைத் தாண்டினாங்க. வானம் இடிஞ்சு விழல. விதியை மனுஷங்கதான் போட்டாங்க, மனுஷங்களே மாத்தவும் முடியும்னு அதுல தெரியுது.

சரி, டைம்டேபிள் யாரோடது?

இப்போ நிஜமான கேள்விக்கு வரலாம். சுழற்சிக்கு ஏத்த மாதிரி நாம மட்டும் வளைஞ்சு கொடுக்கணுமா, இல்ல இடமும் கொஞ்சம் வளையணுமா?

வளையாத இடம் எப்படி இருக்கும்னு ஒரு உதாரணம். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. பீரியட்ஸ் வலின்னு சொன்னா, பேரே இல்லாத மாத்திரையை சூப்பர்வைசர் கையில் கொடுத்து மறுபடி மெஷினுக்கு அனுப்பினாங்கன்னு அந்தப் பெண்கள் சொன்னாங்க. லீவு போட்டா சம்பளம் போகும். அவங்களுக்கு 'குளிர்கால வாரம்' கிடையாது.

வளைஞ்ச இடங்களும் இருக்கு. 1912-லேயே கேரளத்தின் திருப்பூணித்துறையில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி, மாதவிடாய் நாட்களில் பரீட்சை வந்தா லீவு எடுத்துப் பிறகு எழுத அனுமதி கொடுத்ததா பதிவு இருக்கு. பீகார் அரசு 1992-ல் தன் பெண் ஊழியர்களுக்கு மாசம் ரெண்டு நாள் கொடுத்தது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு 2 சதவீத வருகைப்பதிவுச் சலுகை கொடுத்தது. மாணவர் சங்கம் கேட்டு வாங்கினது அது. சில நாட்களிலேயே கேரள அரசு அதை எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. 75 சதவீதம் வேண்டிய இடத்துல மாணவிகளுக்கு 73 போதும். 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை வேலைபாக்கும் பெண்களுக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தது.

இதுக்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் நேர்மையா சொல்லணும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கட்டாய விடுப்பு வந்தா பெண்களை வேலைக்கு எடுக்கறதையே கம்பெனிகள் தவிர்க்கலாம்னு கவலைப்பட்டு, இது அரசு முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம்னு சொன்னது. ஜப்பானில் 1947-ல இருந்தே சட்டம் இருக்கு, ஆனா எடுக்கறவங்க ரொம்பக் கம்மி. மேனேஜர்கிட்ட காரணம் சொல்லக் கூச்சம். அடுத்த வருஷம் சிறுசேரி சிப்காட்டுல நைட் ஷிஃப்ட்டுக்குப் போகப்போற நமக்கு இந்த ரெண்டு பயமும் நிஜம்.

எனக்குத் தோணுறது இதுதான். கேரள மாடல்ல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. யாரும் போய் "எனக்கு பீரியட்ஸ்"னு யாரிடமும் சொல்ல வேண்டியதில்ல, தேதியை நிரூபிக்க வேண்டியதில்ல. கணக்குல ஒரு சின்ன இடைவெளி விட்டாச்சு, அவ்வளவுதான். டிசைன் பண்றவங்க டாலரன்ஸ்னு சொல்வோமே, அது.

மூணு மாசம், ஒரு நோட்

ரீல்ஸ் டைம்டேபிளைத் தூக்கிப் போட்டுட்டு, உங்க உடம்பின் டேட்டாவை நீங்களே எடுங்க. ஒரு பழைய நோட் போதும். மூணு மாசத்துக்கு தினமும் ஒரு வரி:

- நாள் எண் (ரத்தம் வந்த முதல் நாள் 1)
- வலி, 0 முதல் 10 வரை. மாத்திரை போட்டா அதோட பேரும் நேரமும்
- தூங்கின மணி நேரம்
- மனநிலை, ஒரே ஒரு வார்த்தையில
- அந்த நாள்ல வேற என்ன நடந்துச்சு: எக்ஸாம், காய்ச்சல், சண்டை, பயணம்

கடைசிப் பத்தி முக்கியம். இன்டர்னல்ஸ் வாரம் வந்த எரிச்சலை ஹார்மோன் மேல போட்டுடக் கூடாது இல்லையா? மூணு சுழற்சியிலயும் ஒரே நாட்கள்ல ஒரே விஷயம் திரும்பி வந்தா அது பேட்டர்ன். ஒரு தடவை மட்டும் வந்தா அது நாய்ஸ். பேட்டர்ன் கிடைச்சா மட்டும் பிளானை மாத்துங்க: "26-ம் நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் கெடுது, அந்த வாரம் ப்ராஜெக்ட் டாக்குமென்டேஷனைக் கடைசி நைட்டுக்கு வைக்க மாட்டேன்." உங்களுக்குன்னு இருக்கற சைக்கிள் சிங்க்கிங் இவ்வளவுதான். எந்தப் பேட்டர்னும் கிடைக்கலைன்னா அதுவும் ஒரு ரிசல்ட்தான். பல பேருக்கு அப்படித்தான் இருக்கும். டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா, இந்த நோட்டை நீட்டினா போதும். "எப்பவுமே வலிக்குது"ன்னு சொல்றதை விட "மூணு மாசமா முதல் ரெண்டு நாள் 8"ன்னு சொன்னா கேக்கற விதமே மாறும். கருத்தடை மாத்திரை எடுக்கறவங்களுக்கு இந்த நாலு கட்டமே இருக்காது, அதனால ஆப் சொல்ற 'ஃபேஸ்' அவங்களுக்குப் பொருந்தாது.

ஆப்தான் வேணும்னா, டேட்டா போன்லயே இருக்கா, சர்வருக்குப் போகுதான்னு பாத்து எடுங்க. கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தற ஃப்ளோ ஆப், பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் மாதிரி நிறுவனங்களோட பகிர்ந்ததா அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021-ல் சமரச உத்தரவு போட்டது. உங்க கடைசி பீரியட்ஸ் தேதி ஒரு விளம்பரக் கம்பெனிக்கு எதுக்கு?

நம்ம கேம்பஸ்ல இதை வெச்சு என்ன கேக்கலாம்? என் லிஸ்ட் சின்னது. ஒவ்வொரு பிளாக்லயும் ஒரு பாத்ரூம்ல நாப்கினும் மூடி போட்ட குப்பைத்தொட்டியும். லேப் ஆரம்பிச்சா மூணு மணி நேரம் வெளியே போகக் கூடாதுங்கற எழுதாத ரூலுக்கு முடிவு. ஹெல்த் சென்டர்ல வருஷத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் டெஸ்ட், பசங்களுக்கும் சேத்து. கூடவே அந்த 2 சதவீதம். கொச்சியில மாணவர்கள் கேட்டாங்க, கிடைச்சது. பேரவைக் கூட்டத்துல இதை எழுப்ப ரெண்டு பேர் போதும். அதுல ஒருத்தர் பையனா இருந்தா இன்னும் நல்லது.